சிறை ஆக்‌ஷன் படங்கள்: அச்சு ஒன்றுதான், அதனால் குறையா?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

"சிறைக்குள் நடக்கும் அடிதடிப் படம் ஒன்றைப் பார்த்தால் நூறைப் பார்த்த மாதிரிதான், அதில் மெனக்கெட என்ன இருக்கிறது?" என்று வேறொரு இழையில் கொள்ளிடம் கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனி இழை.

அச்சு ஒன்றுதான், மறுக்கவில்லை. செய்யாத கொலைக்கோ, பார்க்கிறவர்கள் மன்னிக்கக்கூடிய கொலைக்கோ கதாநாயகன் உள்ளே வருவான். சட்டையைக் கழற்றச் சொல்லி நம்பர் கொடுப்பார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒரு முரடன் தட்டைத் தட்டிவிடுவான், முதல் சண்டை. ஒரு பெரியவர் அருகில் வந்து உள்ளே யார் யார் என்று சொல்லித்தருவார். அதிகாரி சிரித்த முகத்தோடு கொடுமை செய்வார். இருட்டறை. கூட இருந்தவன் காட்டிக்கொடுப்பான், இடைவேளை. அப்புறம் கலவரம் அல்லது தப்பித்தல், முடிவில் முற்றத்தில் ஒற்றைக்கு ஒற்றை.

இது தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்? வெளியே நடக்கும் ஆக்‌ஷன் படத்தில் கதாநாயகன் மாட்டிக்கொண்டால் கதாசிரியருக்கு ஆயிரம் வழி. துப்பாக்கி வரும், கார் வரும், போலீஸ் நண்பன் வருவான், ஹெலிகாப்டர்கூட வரும். சிறைக்குள் அது நடக்காது. ஒரு கரண்டி வேண்டும் என்றால்கூட அது எங்கிருந்து வந்தது, எங்கே ஒளித்தான், சோதனையில் எப்படித் தப்பியது என்று கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்குதான் இந்தப் படங்களின் ருசி.

1979ல் டான் சீகல் இயக்கி கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'எஸ்கேப் ஃப்ரம் ஆல்கட்ராஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 ஜூன் 11 இரவு நிஜமாக நடந்ததை வைத்து எடுத்தது. சுவரின் காற்றோட்டத் துளையைச் சுற்றிக் கரண்டியாலும், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரில் செய்த துளைப்பானாலும் வாரக்கணக்கில் குடைந்தார்கள். இரவு எண்ணிக்கையில் சிக்காமல் இருக்க சோப்பு, கழிப்பறைக் காகிதம் இவற்றில் தலை செய்து, முடிதிருத்தும் கூடத்தில் பொறுக்கிய நிஜ முடியை ஒட்டிப் படுக்கையில் வைத்தார்கள். மிதவைக்கும் மிதப்பு உடைக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகள். நான்காவது ஆளால் தன் அறைத் துளையை நேரத்துக்குள் அகலப்படுத்த முடியவில்லை, அவர் தங்கிவிட்டார். இத்தனை நுட்பத்துக்கும் சுவர்தான் காரணம். சுவர் இல்லாவிட்டால் இந்தக் கதையே கிடையாது.

கொள்ளிடம் (சீர்காழி)

அண்ணே, நீங்கள் காட்டியது தப்பிக்கும் படம். நான் குறை சொன்னது அடிதடிப் படத்தை. அது சம்பாதித்த பேரில் இது குளிர்காயக் கூடாது.

ஹெலிகாப்டர் வராது என்றீர்களே, 2013ல் ஸ்டாலோனும் ஸ்வார்செனேகரும் சேர்ந்து நடித்த 'எஸ்கேப் பிளான்' படத்தில் வருகிறது. அந்தப் படத்தின் முதல் கால் மணி நேரம் அருமை. சிறைகளின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதே கதாநாயகனின் தொழில். பால் அட்டைப்பெட்டியின் உட்படலத்தை உரித்துக் கதவின் எண்பலகையில் ஒட்டி எந்தெந்த எண் அழுத்தப்படுகிறது என்று பிடிக்கிறான். கட்டட அமைப்பு, அன்றாட நடைமுறை, உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ உதவி, இந்த மூன்றும் வேண்டும் என்று விளக்குகிறான். நன்றாகத்தானே போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் கடைசி அரைமணி நேரம் எந்திரத் துப்பாக்கி. முதல் கால் மணி நேரத்தில் போட்ட விதி எதையும் மதிக்கவில்லை. பெரும்பாலான ஃபார்முலா படங்கள் இப்படித்தான். சுவரைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு, வேலை முடியும் நேரத்தில் சுவரை மறந்துவிடுகின்றன.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கதாநாயகன் ஒருவன்தான் மனிதன். சுற்றியிருக்கும் ஐந்நூறு பேரும் வெறும் சட்டை. அவர்கள் எதற்கு உள்ளே வந்தார்கள், ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் எத்தனை மாதமாகக் கிடக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்காது. இந்தியச் சிறைகளில் முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். படத்தில் எல்லோரும் பிறவிக் கொலைகாரர்கள். ஒருவன் நிரபராதி என்று நாம் உருக வேண்டும் என்பதற்காக மீதி எல்லோரையும் மிருகமாக்கிவிடுகிறார்கள்.

நம் மண்ணிலேயே மாற்று இருக்கிறது. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'. திருநாகேஸ்வரத்துக்காரர், பட்டணத்தில் சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டி உள்ளே போகிறார். அந்தச் சிறைக் காட்சிகளில் வரும் பயம் வேறு ரகம். கை ஓங்குவதைவிட ஓங்காமல் இருப்பதுதான் அங்கே கஷ்டம்.

வடவாறு (மன்னார்குடி)

மகாநதியை ஆக்‌ஷன் படத்தோட எடைபோடறது சரியில்லீங்க. அது அழவைக்க வந்த படம். இது ரெண்டு மணி நேரம் ஒருத்தன் அடி வாங்கி, கடைசியில திருப்பிக் கொடுக்கிறதைப் பார்க்க வந்த படம்.

டப்பிங்கில் தாக்குப்பிடிக்கிற வகை இது ஒண்ணுதான் என்பதையும் மறந்துடாதீங்க. வெளிநாட்டுக் காமெடி டப்பிங்கில் பாதி செத்துடும், நீதிமன்றப் படம் முழுசா செத்துடும். சிறைப் படத்துக்கு வசனமே வேண்டாம். தட்டைத் தட்டிவிட்டான், எழுந்தான், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பல்கேரியாவில் எடுத்தாலும் இந்தோனேசியாவில் எடுத்தாலும் டிவியில் பாதியில் வந்து உட்காருகிறவருக்குப் புரியும். யார் மேலே, யார் கீழே, யாருக்கு யார் மேல கோபம், ரெண்டு நிமிஷத்துல பிடிபட்டுடும். அதைச் சும்மா கிடைச்சதுன்னு நினைக்கக் கூடாது.

குடமுருட்டி (திருவையாறு)

சண்டையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. ஆக்‌ஷன் படம் என்றால் அதில்தான் தேற வேண்டும். பல படங்கள் அங்கேயே விழுகின்றன, அதற்குக் காரணம் கணக்கு.

நிஜ அறை ஆறடிக்கு எட்டடி என்று வையுங்கள். கேமராவைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் எட்டடிதான் தூரம். அகலத்திரை அளவில், சாதாரண சினிமா கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அந்தத் தூரத்தில் இரண்டரை அடிக்கும் குறைவான உயரம்தான் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வரும். முகமும் மார்பும் தெரியும், அவ்வளவுதான். 18 மில்லிமீட்டர் போட்டாலும் நாலரை அடி. ஆறடி ஆளின் கால் தெரியாது. கால் தெரியாத சண்டையில் அடியின் பலம் தெரியாது, ஏனென்றால் குத்து இடுப்பிலிருந்தும் பாதத்திலிருந்தும்தான் வருகிறது. அந்தக் குறையை மறைக்கத்தான் கேமராவை ஆட்டுகிறார்கள், அரை நொடிக்கு ஒரு கட் வைக்கிறார்கள், சத்தத்தைக் கூட்டுகிறார்கள். பார்க்கிறவருக்குத் தலைவலி.

வழி இல்லாமல் இல்லை. செட் போடும்போதே ஒரு பக்கச் சுவரைக் கழற்றுகிற மாதிரி அமைக்க வேண்டும். சுவரைக் கழற்றி 12 அடிக்குப் பின்வாங்கினால் அதே 18 மில்லிமீட்டரில் ஏழடி உயரம் கிடைக்கும், முழு ஆளும் சட்டத்துக்குள் நிற்பார். ஆனால் சுவர் இல்லாத பக்கத்தை அடுத்த ஷாட்டில் காட்ட முடியாது. அந்தப் பக்கத்து ஷாட்டுகளை எல்லாம் தனியாகச் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்கு ஃபைட் மாஸ்டரும் ஒளிப்பதிவாளரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அந்த நாள்களுக்குத் தயாரிப்பாளர் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் சண்டை கெடுகிறது. கம்பிக்கும் இதே கதை. பிவிசி குழாய்க்குச் சாயம் அடித்து நிறுத்துவார்கள். ஆள் போய் மோதும்போது அது லேசாக வளையும். கண் அதைப் பிடித்துவிடும், பிற்பாடு எவ்வளவு இரும்புச் சத்தம் சேர்த்தாலும் நம்பாது. மோதல் விழும் இடத்தில் நாலு கம்பியாவது இரும்பாக இருக்க வேண்டும், அடிபடும் ஆளுக்கு உள்ளே பட்டை கட்ட வேண்டும்.

'அன்டிஸ்பியூட்டட்' வரிசையின் இரண்டாம் பாகத்தைப் (2006) பாருங்கள். இயக்கம் ஐசக் ஃபுளோரன்டைன். சிறைக்குள் சண்டைப் போட்டி, அதைவிடத் தேய்ந்த கதை கிடையாது. ஆனால் கேமரா தள்ளி நிற்கிறது, தலையிலிருந்து பாதம் வரை தெரிகிறது, ஒரு உதை தொடங்கி முடியும் வரை வெட்டு இல்லை. வில்லனாக வரும் ஸ்காட் அட்கின்ஸ் சுழன்று அடிப்பது ஒரே ஷாட்டில் விழுகிறது. கதை அப்படியே இருக்கட்டும், எடுத்த விதம் இந்த அச்சுக்குள்ளேயே படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

கொள்ளிடம் (சீர்காழி)

லென்ஸ் கணக்கு அருமை, தம்பி. ஆனால் கால் தெரிந்துவிட்டால் மட்டும் சண்டைக்கு அர்த்தம் வந்துவிடுமா? அடிபட்டவன் அடுத்த காட்சியில் புருவத்தில் ஒரு பிளாஸ்திரியோடு தண்டால் எடுக்கிறான். விலா எலும்பு உடைந்தால் ஆறு வாரம் தும்மக்கூட முடியாது. சிறையில் அடிதடி என்றால் விளைவு என்ன என்பது எந்தப் படத்திலாவது இருக்கிறதா?

குடமுருட்டி (திருவையாறு)

இருக்கிறது, அதே வரிசையில். இரண்டாம் பாகத்தின் முடிவில் வில்லன் பாய்காவின் முழங்கால் உடைகிறது. 2010ல் வந்த மூன்றாம் பாகத்தில் அவன்தான் கதாநாயகன். அந்தக் கால் முழுசாகச் சரியாகவில்லை. எதிராளிகள் அந்தக் காலையே குறிவைக்கிறார்கள், அவன் உதைக்கும் விதமே மாறிவிடுகிறது. ஒரு காயத்தை நாலு வருடம் கழித்து வந்த அடுத்த பாகம் வரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சுற்றி நிற்கும் இருபது பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பது இந்த வகையின் இன்னொரு பெரிய குறை. அதற்கும் கட்டடமே தீர்வு தரும். 2014ல் வந்த 'தி ரெய்டு 2' படத்தில் கதாநாயகன் கழிப்பறைத் தடுப்புக்குள் நிற்கிறான், வெளியே கூட்டம். கதவு குறுகல், ஒரே நேரத்தில் ஓரிருவருக்கு மேல் நுழைய முடியாது. இப்போது காத்திருப்பதற்கு நியாயம் கிடைத்துவிட்டது.

அதே படத்தில் முற்றத்துச் சேற்றுச் சண்டை. நடவு வயலில் இறங்கினவர்களுக்கு இது உடனே உறைக்கும். உளைச் சேற்றில் காலை உருவி எடுக்கவே ஒரு நொடி ஆகும். பாதம் புதைந்திருக்கும்போது உடம்பைத் திருப்பினால் முட்டி பிசகும். அதனால் அங்கே உதை எடுபடாது. பிடித்து இழுத்தல், தலையை அமுக்குதல், கையில் கிடைத்ததால் அடித்தல் இவைதான் நடக்கும். எல்லோரும் ஒரே நிறமாகிவிடுவதால் கைதி யார், காவலர் யார் என்றே பிரித்தறிய முடியாது. கலவரம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்)

இரு தரப்புமே விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படங்களில் சிறையே சரியாக இல்லை. சரியாக இருந்தால் சுவாரசியம் கூடும், குறையாது.

முதலில் உடை. தமிழ்ப் படங்களில் ரிமாண்டில் வந்தவனுக்கே வெள்ளைச் சீருடையும் நம்பரும் மாட்டிவிடுகிறார்கள். 1894ஆம் வருடச் சிறைகள் சட்டப்படி விசாரணைக் கைதி சொந்த உடை போட்டுக்கொள்ளலாம், தண்டனைக் கைதிகளிடமிருந்து அவரைப் பிரித்தும் வைக்க வேண்டும். அந்தப் பிரிவினையே ஒரு நாடகம். சொந்தச் சட்டையில் இருந்தவர் தீர்ப்பு நாளன்று திரும்பி வரும்போது சீருடைக்கு மாறுகிறார், பிளாக் மாறுகிறது, கூட இருந்தவர்கள் மாறுகிறார்கள். இதை ஒரு நிமிடத்தில் காட்டலாம். எடுப்பதில்லை.

அடுத்து இருட்டறை. கதாநாயகனை மாதக்கணக்கில் போட்டு அடைத்து, தாடி வளர்ந்து வெளியே வருவான். அந்தச் சட்டத்தின் 46ஆவது பிரிவில் தனி அறை அடைப்புக்கு உச்சவரம்பு 14 நாள். தினம் ஒரு மணி நேர உடற்பயிற்சியும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதும் அனுமதித்துப் பிரித்துவைக்கும் தண்டனைக்கு 3 மாதம். தனி அறையில் 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் மருத்துவ அதிகாரியோ அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரோ தினமும் வந்து பார்க்க வேண்டும். தனிமைச் சிறையை இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1978ல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் மீறப்படுவதில்லை என்று நான் சொல்லவில்லை. மீறுகிற அதிகாரி பதிவேட்டில் எதையாவது எழுதியாக வேண்டும், மருத்துவரைச் சரிக்கட்ட வேண்டும், நீதிபதி பார்வையிட வரும் நாளில் கைதியை மறைக்க வேண்டும். பயமுறுத்தும் வில்லன் அங்கேதான் இருக்கிறான். படத்தில் அவர் சுருட்டைப் பிடித்துக்கொண்டு "அடைங்கடா" என்கிறார், முடிந்தது.

கொள்ளிடம் கேட்ட விளைவுக்கு வருகிறேன். கைதிக்கு எலும்பைவிடப் பெரிய நஷ்டம் நன்னடத்தைக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு. ஒரு அடிதடி பதிவானால் சேர்த்துவைத்த நாள்கள் போகும், பரோலுக்குச் சிக்கல் வரும், மனு நிறுத்தப்படலாம். மனு என்றால் வீட்டார் வந்து பார்ப்பது. டெல்டாக்காரருக்குத் தண்டனை என்றால் பெரும்பாலும் திருச்சி மத்திய சிறை. நாகப்பட்டினத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். விடிகாலை பஸ் ஏறி, எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி வந்த மனைவியிடம் "இன்றைக்கு மனு கிடையாது" என்று சொல்லி அனுப்பினால் அது நூறு குத்துக்குச் சமம். முரடன் தட்டைத் தட்டிவிடும்போது கதாநாயகன் கையை ஓங்கினால் என்ன போகும் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த ஒரு அடிக்கு அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

கடைசியாக எண்ணிக்கை. மாலை அடைப்பில் பிளாக் பிளாக்காக எண்ணுவார்கள், மொத்தம் ஒத்துவர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி எண்ண வேண்டும், கணக்கு நேராகும் வரை வார்டர் வீட்டுக்குப் போக முடியாது. ஃபார்முலா படங்களில் கதாநாயகன் ராத்திரி எல்லாம் நடைபாதையில் சுற்றுகிறான், எண்ண ஆளே இல்லை. ஆல்கட்ராஸில் பொம்மைத் தலை செய்ததே எண்ணிக்கைக்குப் பயந்துதான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வராந்தா.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அரசலாறு எழுதியது அத்தனையும் என் கட்சிக்குத்தான் வலு. விதி கூடக்கூட ருசி கூடுகிறது என்றுதானே நானும் தொடங்கினேன்.

இதற்கு உச்சம் 1960ல் வந்த பிரெஞ்சுப் படம் 'லெ த்ரூ', ழாக் பெக்கர் எடுத்தது. 1947ல் பாரிஸின் லா சான்தே சிறையில் நடந்த முயற்சி. அதில் நிஜமாகப் பங்கெடுத்த ஒருவரே முக்கியப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். கட்டிலிலிருந்து பிரித்த இரும்பால் அறைத் தரையைக் குத்துகிறார்கள். கான்கிரீட் முதலில் அசையவே இல்லை. கை மாற்றிக் கை மாற்றிக் குத்துகிறார்கள், முனை வழுக்குகிறது, பொடி பறக்கிறது, மெல்ல ஒரு குழி விழுகிறது. கிட்டத்தட்ட நாலு நிமிடம் வெட்டே இல்லாமல் போகிறது, பின்னணி இசையும் கிடையாது. பல் துலக்கும் பிரஷ்ஷில் கண்ணாடித் துண்டைக் கட்டி, கதவின் பார்வைத் துளை வழியே நீட்டி, காவலர் வருகிறாரா என்று பார்க்கிறார்கள். அறையில் செய்யக் கொடுத்த அட்டைப்பெட்டி வேலையின் அடுக்குகளே குழிக்கு மூடி. ஒரு அடிதடியும் இல்லாமல் உள்ளங்கை வியர்க்கிறது.

கொள்ளிடம் (சீர்காழி)

மறுபடியும் தப்பிக்கும் படம்! ஒவ்வொரு முறையும் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல அடுத்த தெருவிலிருந்து ஆள் கூட்டி வருகிறீர்கள். அடிதடிப் படத்தின் உச்சக்கட்டம் கலவரம், அதைப் பேசுவோம்.

1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில், கைதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவரும் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலரும் செத்தார்கள். அந்த நிகழ்ச்சியை அடிப்படையாக வைத்து 2024ல் 'சொர்க்கவாசல்' வந்தது. அந்தப் படத்தின் நிறைகுறை தனிப் பேச்சு. அதில் ஒன்று பிடித்தது: கலவரத்துக்கு முன்னால் யார் யாருக்கு என்ன காரணம் என்று அடுக்கிக்கொண்டு வருகிறார்கள், விசாரணையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நிஜத்தில் கலவரம் என்பது சாப்பாடு, வைத்தியம், ஒரு சாவு, ஒரு வதந்தி என்று பல நாள் சேர்ந்து வெடிப்பது. ஃபார்முலா படத்தில் கதாநாயகன் மேசைமேல் ஏறி நாலு வரி பேசுகிறான், கலவரம். ஐந்நூறு பேரும் அவன் பழிக்குத் துணை நடிகர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று படம் எண்ணுவதுகூட இல்லை. அரசலாறு எண்ணிக்கை பற்றிச் சொன்னாரே, இந்த எண்ணிக்கை எங்கே போனது?

வடவாறு (மன்னார்குடி)

இந்தக் கேள்வி நியாயம். ஆனா ஃபார்முலாவைத் தூக்கிப்போட்டாத்தான் இது சரியாகும்னு இல்லை. ரெண்டு வேலை செஞ்சாப் போதும். முதல் அரைமணி நேரத்துல கதாநாயகன் கூட அடைபடுற நாலு பேருக்குப் பேர், ஊர், வழக்கு, வெளியே யார் காத்திருக்காங்க, இது நாலும் கொடுத்துடணும். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம், வேலை செய்யற இடத்துலயும் மனு பார்க்கிற இடத்துலயும் போற போக்குல சொல்லிடலாம். கலவரத்துல அந்த நாலு பேரில் ஒருத்தர் விழணும், விழுந்த அப்புறம் அவரோட வீட்டுக்காரங்க மனுவுக்கு வந்து நிக்கணும். சண்டையும் இருக்கும், கணக்கும் இருக்கும்.

குடமுருட்டி (திருவையாறு)

அதோடு இன்னொன்று. கலவரம் தொடங்குவதற்கு முன் அந்த இடத்தின் வரைபடத்தைப் பார்க்கிறவர் மனதில் ஏற்றிவிட வேண்டும். அடுக்களை எந்தப் பக்கம், பிரதான வாசல் எந்தப் பக்கம், கோபுரத்திலிருந்து எது தெரியும். அமைதியான நாளில் கதாநாயகன் தண்ணீர் வாளியோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடப்பதை ஒரே ஷாட்டில் எடுத்தால் போதும். இல்லாவிட்டால் புகை, ஓட்டம், கத்தல். யார் எங்கே ஓடுகிறார், எதற்கு ஓடுகிறார் என்றே தெரியாது.

கொள்ளிடம் (சீர்காழி)

நாலு பேருக்குப் பேரும் வழக்கும் கொடுத்த அந்த நிமிடமே அது நான் குறை சொன்ன படம் இல்லை, வடவாறு. என் சண்டை கொடுக்காதவர்களோடுதான்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அப்படியும் அச்சு அதேதான், தம்பி. உள்ளே வருகிறான், தட்டு விழுகிறது, பெரியவர் பேசுகிறார், இருட்டறை, துரோகம், கலவரம். வடவாறு அதில் ஒரு படியைக்கூட மாற்றவில்லை. அடுத்த சனிக்கிழமை 'அன்டிஸ்பியூட்டட்' மூன்றாம் பாகத்தை நிதானமாகப் பாருங்கள், பாய்காவும் கூடப் போட்டியிடுபவர்களும் கல்லுடைக்கும் காட்சிகளில் கவனம் வையுங்கள். அங்கே அவனுக்கும் அமெரிக்கக் கைதிக்கும் நடுவில் வளர்கிறதே, அது ஃபார்முலாவுக்கு உள்ளேயா வெளியேயா என்று வந்து சொல்லுங்கள்.

கொள்ளிடம் (சீர்காழி)

பார்க்கிறேன் அண்ணே. ஆனால் மற்ற போட்டியாளர்கள் எதற்கு உள்ளே வந்தார்கள் என்று படம் சொல்கிறதா என்பதையும் குறித்துக்கொண்டுதான் வருவேன்.